தெருவுக்கு இரண்டு அங்குலம் விட்டவள்

என் மனைவி தையல்காரி. கழுத்தில் டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. தூங்கும்போதுதான் கழற்றுவாள், அதுவும் நான் சத்தம் போட்டால்.

மூன்று வருடமாக அந்த டேப் தெருவையும் அளக்கிறது. போனில் ஒரு வரைபடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் தெருக்களைச் சேர்க்கலாம், திருத்தலாம். தெரு என்றால் வெறும் கோடு இல்லையாம். அகலம் எவ்வளவு, தரை தாரா கல்லா, ஒருவழியா, கடைசியில் படிக்கட்டு வருமா, எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம்.

“ரோட்டுக்குச் சட்டை தைக்கப் போறியா?” என்று கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

“சிரிங்க, நல்லா சிரிங்க. அப்பாவுக்கு மூச்சு முட்டினப்ப ஆம்புலன்ஸ் சின்னச் சந்துல நுழைஞ்சு, ரிவர்ஸ் எடுக்கவே இருபது நிமிஷம் ஆச்சே, அப்ப சிரிச்சீங்களா?” என்றாள்.

மாமனார் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த இருபது நிமிடம் அவள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

அறுபத்திரண்டு சந்துகளை அளந்து முடித்தாள். அந்த அளவுகளை வரைபடக் குழு ஒரு திங்கட்கிழமை ஆம்புலன்ஸ்காரர்களிடம் கொடுப்பதாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நான் மாட்டினேன்.

நான் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். பக்கக் கண்ணாடிகளோடு ஏழு அடி அகலம். அன்று என் அக்கா வீடு மாறினாள். அவளுடைய புது வீட்டுச் சந்து, வரைபடத்தில் ஏழு அடி நான்கு அங்குலம். பெண்டாட்டி அளந்தது, பிசகுமா? தைரியமாக உள்ளே விட்டேன். பாதிச் சந்தில் இரண்டு பக்கமும் கர்ரென்று சத்தம். கதவைத் திறக்க இடமில்லை. எதிரே நின்ற அக்கா, “உன் பொண்டாட்டி அளந்த லட்சணமாடா இது?” என்று கத்தினாள். அவளுடைய பீரோவோடும் சோபாவோடும் நானும் ஒரு சாமானாக உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

போன் செய்ததும் மனைவி ஓடி வந்தாள். லாரிக்கு முன்னால் குனிந்து ஐந்தடி டேப்பை வைத்து, தையல் சாக்பீஸால் கோடு போட்டு, மறுபடி வைத்தாள். சரியாக ஏழு அடி. நிமிர்ந்தவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

“என்னங்க, நான் தையலுக்கு விட்டிருக்கேன்.”

“என்னது?”

“இருபது வருஷப் பழக்கம். துணியில தையலுக்கு விடுற மாதிரி, அளந்ததும் கை தானா கொஞ்சம் சேர்த்து எழுதிடுது. இங்க ரெண்டு தடவை டேப் வச்சதுல ரெண்டு ரெண்டா நாலு.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளோ அழுதாள். “திங்கக்கிழமை இதை நம்பி ஆம்புலன்ஸ் உள்ள வரும்ங்க.”

“எல்லாத்துலயும் நாலு கழிச்சிடு, முடிஞ்சது.”

“ஒரே மாதிரியா விடுவேன்? சட்டைக்கே குண்டு, ஒல்லின்னு ஆளைப் பார்த்துதான் விடுவேன். எந்தச் சந்துக்கு எவ்வளவு விட்டேனோ, யார் கண்டா?”

ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கண்ணாடிகளை மடக்கி, லாரியை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்தேன். சாமான்களைச் சந்து முனையில் இறக்கிவிட்டு, நேராக ஹார்டுவேர் கடைக்குப் போய் நீள இரும்பு டேப் ஒன்று வாங்கினேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறுபத்திரண்டு சந்து. டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனை எனக்கு. “வீட்டை இடிக்கப் போறீங்களா?” என்று ஒன்பது பேர் சண்டைக்கு வந்தார்கள். ஒரு நாய் என்னை மட்டும் துரத்தியது. அவள் அளவைச் சொல்லும்போதெல்லாம் “விடாத, விடாத” என்று நான் கத்த, நாற்பதாவது சந்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

ஞாயிறு சாயங்காலம் கடைசியாக அக்கா வீட்டுச் சந்து. ஏழு அடி என்று திருத்தினாள். கூடவே, அந்த அளவு எப்படித் தெரிந்தது என்றும் வரைபடத்தில் எழுத வேண்டும். எப்போதும் “நான் அளந்தேன்” என்றுதான் போடுவாள். அன்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினாள்: “நாங்கள் அளந்தோம். லாரி போகாது. என் வீட்டுக்காரர் மாட்டிப் பார்த்தார்.”

திங்கட்கிழமை காலை சரியான அளவுகள் போய்ச் சேர்ந்தன. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற வரைபடம்தான். அந்த வரியை மட்டும் நான் இன்றுவரை தொடவில்லை.