பர்னஸுக்கு வைத்த விபூதி

அம்பத்தூர் எஸ்டேட்டில் செயற்கைப் பல் செய்யும் லேபில் எனக்கு வேலை. யார் யார் வாயிலோ நான் செய்த பற்கள் சிரித்துக்கொண்டிருக்கின்றன. என் அக்காவுக்கே ஒன்று செய்ய நேரும் என்று நினைத்ததில்லை.

அக்கா எல்கேஜி டீச்சர். கொரட்டூர் ஸ்டேஷன் படியில் தடுக்கி விழுந்ததில் முன்பல் ஒன்று பாதியாக உடைந்துவிட்டது. அதிலிருந்து பள்ளியில் மாஸ்க்கைக் கழற்றவே மாட்டாள். வீட்டில் சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடிவிடும்.

"உங்க வாயைப் பாத்துத்தானே புள்ளைங்க பேசக் கத்துக்கும்? விஜயதசமிக்குப் புதுப் புள்ளைங்க வருது. அன்னைக்கும் மாஸ்க்தான்னா வேற டீச்சரை உக்கார வெச்சுடுவேன்" என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அக்கா அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

டாக்டர் அனுப்பிய அளவுக்கு, உடைந்த பல்லின்மேல் உறை போல மாட்டும் அந்தப் பல்லை ஆயுத பூஜையன்று காலையில் கட்டினேன். கண்ணாடியை மாவாக அரைத்தது போன்ற பவுடர். தண்ணீரில் குழைத்துப் பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக அப்ப வேண்டும். வெந்தால் சுருங்கும் என்பதால் பெரிதாகவே கட்டுவோம். பார்த்தால் குதிரைப் பல்தான். ஈரம் காயட்டும் என்று பல்லை வேகவைக்கும் சின்னச் சூளையான பர்னஸின் திறந்த வாயில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அந்த நேரம் பார்த்து முதலாளி பர்னஸின் தலையில் மூன்று பட்டை விபூதி இழுத்திருக்கிறார். நான் கவனிக்காமல் வேகவைத்துவிட்டேன்.

ஆறிய பல்லை வெளிச்சத்தில் பிடித்தால், நடுவில் சுண்ணாம்பு தெறித்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி. உதிர்ந்த விபூதி! அதற்குள் பர்னஸுக்கு மாலை போட்டு, பொரி வைத்து, சூடமும் காட்டியாகிவிட்டது.

"அண்ணா, இதை மறுபடியும் வேகவைக்கணும்."

"இன்னாம்மா நீ, படையல் போட்டாச்சு. மிஷினு சாமிகிட்ட கீது. நாளைக்குத்தான் தொடணும்."

எனக்கு வந்ததே கோபம்! "சாமிக்கு வெச்ச விபூதிய எங்க அக்கா பல்லுல கொட்டிட்டு, நாளைக்காம் நாளைக்கு! சாயங்காலம் ஆறு மணிக்குள்ள டாக்டர்கிட்ட குடுக்கலன்னா அவ கிளாஸே போயிடும்!"

அவர் பல்லை வாங்கி உற்றுப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. "என் கை பண்ண வேலதாம்மா. மாலைய கழட்டு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

புள்ளியைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுப் பவுடர் வைத்தேன். இந்த முறை பக்கத்தைவிட்டு நகரவில்லை. பல் வைத்த தட்டு மேலேறி பர்னஸ் மூடிக்கொண்டது. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் மோட்டார் உறும, சூடு தொள்ளாயிரம் டிகிரியை நெருங்கியது. இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. ஊதினால் பறக்கிற பொடி. அது உருகி ஓடுவதில்லை. ஓரம் மட்டும் இளகி, ஒரு துகள் பக்கத்துத் துகளைப் பிடித்துக்கொள்கிறது. நடுவிலிருந்த சந்தெல்லாம் மூடிக்கொள்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது அதற்கு?

தட்டு இறங்கியபோது பல் நெருப்பாகத் தகதகத்தது. மெல்ல ஆறி, உள்ளே வெளிச்சம் ஓடுகிற உயிருள்ள பல்லாக நின்றது. அம்மாடி! என்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முதலாளியும் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வகுப்பறை வாசலில் நின்று பார்த்தேன். அக்கா முகத்தில் மாஸ்க் இல்லை. மடியில் ஒரு சின்னப் பெண், முன்னால் தட்டில் பச்சரிசி. "அ... சொல்லு" என்று வாயைத் திறந்து காட்டினாள். குழந்தை அரிசியை விட்டுவிட்டு, விரலை நேரே அந்தப் பல்லின்மேல் வைத்தது. அக்கா சிரித்துவிட்டாள். அவள் கை மேலே எழுந்தது. வாயை மூடவில்லை, குழந்தையின் விரலைப் பிடித்து அரிசிக்குக் கொண்டுபோனது.