பச்சை காட்டிய நெஞ்சு

நோயாளியின் நெஞ்சைத் தொட்டு வேலை பார்த்தாலும், நெஞ்சைப் பற்றி நாம் வாய் திறந்தால் யாரும் காதில் வாங்காத தொழில் இந்த இ.சி.ஜி. எடுக்கும் தொழில். காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருடமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இப்போது இ.சி.ஜி.யைப் படித்துப் பச்சை, சிவப்பு என்று தீர்ப்புச் சொல்ல ஏ.ஐ. வேறு வந்துவிட்டது. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று வந்து உட்கார்ந்திருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

குளிருக்கு வந்த சிவப்பு

சுரக்குடியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஏசி குளிரில் அவருக்கு உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கத்தை இதயக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு திரை சிவந்தது. போர்வை போர்த்தி, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி எடுத்தேன். பச்சை. டாக்டரும் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். கூட வந்த மகன் மட்டும் என்னை முறைத்தார்.

"மொதல்ல எடுத்ததுதாங்க சரியா இருக்கும். மிஷின் பொய் சொல்லுமா?"

கூச்சம்

திருவேட்டக்குடியில் மீன் விற்கும் செல்வி தாடை வலி, வியர்வை என்று வந்த அன்று நான் விடுப்பு. சக ஊழியர் பாஸ்கர் எடுத்தார். பச்சை. வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை மூச்சிரைக்க வந்து நின்றார். "நேத்து நெஞ்சுல பட்டனையெல்லாம் எங்க வச்சாங்கம்மா?" என்று கேட்டேன். கழுத்துக்குச் சற்றுக் கீழே, ரவிக்கை விளிம்புக்கு மேலே தொட்டுக் காட்டினார். ரவிக்கையை விலக்கச் சொல்ல பாஸ்கருக்குக் கூச்சமாம்! வைக்க வேண்டிய இடத்தில் வைத்து எடுத்தேன். சிவப்பு. மாரடைப்பு. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். கூச்சமாக இருந்தால் நர்ஸைக் கூப்பிட வேண்டியதுதானே என்று பாஸ்கரிடம் கத்தினேன்.

"மிஷினே நார்மல்னு சொல்லிடுச்சு, நான் என்னக்கா பண்றது?"

பேனர்

ஸ்டென்ட் வைத்து செல்வியைப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி போனது போனதுதான்; இனி மீன் கூடையைத் தூக்க முடியாது. இந்த லட்சணத்தில், 'மாரடைப்பைக் கண்டுபிடித்தது எங்கள் ஏ.ஐ.!' என்று அவர் படத்தோடு வாசலில் பேனர் வைத்தார்கள். முதல் நாள் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் போடுங்கள் என்று நிர்வாகியிடம் சண்டைக்கே போனேன். மறு பரிசோதனைக்கு வந்த செல்வி பேனரை அண்ணாந்து பார்த்தார்.

"ஏக்கா, மொத நாளும் இதே நெஞ்சத்தானே கொண்டாந்தேன்?"

மிஷினுக்குப் பேனர் கிடைத்தது, குரலை உயர்த்தியதற்கு எனக்கு மெமோ கிடைத்தது, செல்விக்குத்தான் இதயம் முழுசாகக் கிடைக்கவில்லை.