செத்த நோட்டுக்கு ஜகாத்

என் அக்கா குல்சுமின் புருஷன் ஷாஹுல் ஹமீது நல்ல மனுஷர் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும்! அந்த ஆளோடு குடித்தனம் நடத்தியது ஊரா என்ன?

பினாங்கில் காதர் பாயோடு கூட்டாகத் தையல் கடை வைத்திருந்தார் மச்சான். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான். ஆசியாவுக்கே இனி நான்தான் அண்ணன் என்றான். பிடித்த ஊருக்கெல்லாம் நோட்டு அடித்துத் தள்ளினான். மலேயாவுக்கு வாழைமரம் போட்ட நோட்டு. காதர் பாய் விவரமானவர், பழைய வெள்ளைக்கார நோட்டைத் தகர டப்பாவில் போட்டுக் கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்துவிட்டார். மச்சான் அவரைத் துரோகி என்று ஏசிவிட்டு, தன் சேமிப்பு முழுவதையும் வாழைமரமாக மாற்றிக்கொண்டார்.

நாளாக ஆக நோட்டில் நம்பர்கூட இல்லை. முட்டை வாங்கப் பை நிறையப் பணம் கொண்டுபோக வேண்டியிருந்ததாம். சண்டையில் ஜப்பான் தோற்றதும் அந்த நோட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். காதர் பாய் டப்பாவைத் தோண்டி எடுத்துத் தனிக்கடை போட்டார். மச்சான் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வாழைமரத்தோடு மயிலாப்பூரில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அத்தனை வருஷமும் கடுதாசி இல்லை, காசு இல்லை. அக்கா ஒரு தையல் மிஷினை வைத்து, லஸ் பக்கத்து வீடுகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து, மகள் வஜீஹாவையும் புருஷனைப் பறிகொடுத்து வந்த என்னையும் காப்பாற்றினாள். வந்தவர் ஊசியைத் தொடவில்லை. பெட்டிக்குச் சொந்தக்காரராம், தைப்பாராம்! கரையான் பிடிக்காமல் நோட்டை வெயிலில் காயவைப்பதுதான் அவருக்கு வேலை.

“ஜப்பான் மறுபடி எழுந்துக்கும் பாரு. யானை படுத்தாலும் குதிரை மட்டம்” என்பார்.

“யானை எங்கியோ படுத்துகினு கீது. நம்ம அடுப்பு எரிய வாணாமா?” என்பாள் அக்கா.

ரம்ஜான் வந்தது. பணம் உள்ளவன் நாற்பதில் ஒரு பங்கு ஏழைக்குக் கொடுக்க வேண்டுமே, அந்த ஜகாத்தைத் தானும் கொடுக்கப்போவதாகக் கிளம்பினார் மச்சான். பள்ளிவாசல் ஹஜ்ரத் தலையில் அடித்துக்கொண்டார்.

“பாய், செத்த நோட்டுக்கு ஜகாத் ஏது? பார்க்கப்போனா நீங்கதான் வாங்கணும்.”

அந்தப் பேச்சுதான் மனுஷனைப் பைத்தியமாக்கியது. வீட்டுக்கு வந்து கத்தினார்: “குடுக்காம வுட்டா அது குப்பைன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆவாதா? குடுத்தே தீருவேன்!”

மறுநாள் அக்கா ரவிக்கை கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, மிஷினை ரிக்‌ஷாவில் ஏற்றி மூர் மார்க்கெட்டில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார், பாவி. நல்ல இந்திய ரூபாயைச் சில்லறையாக மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெரு முழுக்க வரிசை. “முதலாளி, நல்லா இருக்கணும் முதலாளி” என்று வாங்கிக்கொண்டு போனார்கள். மனுஷர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

அக்கா திரும்பி வந்தாள். ஜன்னலோரம் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

அவள் முறை வந்ததும் மச்சான் நிமிர்ந்தார். “குல்சும், நீ இன்னா இங்க?”

“ஏழைக்குத்தானே குடுக்கிறீங்க? எனக்கும் குடுங்க.”

மச்சான் நிதானமாகச் சொன்னார்: “பொண்டாட்டிக்கு ஜகாத் குடுக்க மார்க்கத்துல எடமில்ல. தள்ளி நில்லு.” பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “ஹாஜிரா, நீ வா. புருஷன் இல்லாதவ, உனக்குப் பாத்தியதை கீது.”

உள்ளங்கையில் எட்டணா வைத்தார். அவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பேன். நோன்போடு சுருண்டு கிடந்த வஜீஹா கண்ணில் பட்டாள். கையை மூடிக்கொண்டேன்.

அந்தக் காசில் நொய் வாங்கி வந்தேன், அக்கா கஞ்சி காய்ச்சினாள். நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் முதல் ஆளாக உட்கார்ந்தவர் மச்சான்தான். கிண்ணத்தைக் கிளறிப் பார்த்து, “கறி போடலியா?” என்றார்.

அக்கா அந்த ஜகாத் கஞ்சியில் அவருக்கு இன்னும் ஓர் அகப்பை ஊற்றினாள்.