வெற்றுத்தாளின் மேல் ஒரு கவாத்துக் கத்தரி

சிவப்புப் பிடி போட்ட அந்தக் கவாத்துக் கத்தரியைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடம் ஓடிவிட்டது. பத்தாம் வகுப்பும் தட்டச்சும் முடித்துக் கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்தவன் நான். பேராசிரியர்களைப் பற்றி எழுதினால், இவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்க ஆள் இருக்கிறது. யாருடைய மனமும் நோகக்கூடாதே என்ற பயமும் உண்டு. போன மாதம் சின்னமனூரில் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் தாவரவியல் துறையின் பழைய தலைவர் அம்மாவைப் பார்த்தேன். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போகிற வழியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தாராளமா எழுதுங்க பாய். ஆனா நான் தோத்ததையும் எழுதணும், சரியா?" என்றார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

கல்லூரியில் ஒரு பாடம் எப்படி மாறுகிறது என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. என்ன பாடம் நடத்துவது என்பதை நாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். அதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். துறைக்குள் எழுதிய பாடத்திட்டத்தை முதலில் பாடத்திட்டக் குழு பார்க்கும். துறை ஆசிரியர்கள், வெளிக் கல்லூரி ஆசிரியர்கள், பல்கலைக்கழகம் அனுப்புகிற ஒருவர், அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவர் என்று எல்லோரும் அதில் உட்காருவார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டால் எல்லாத் துறைகளும் கூடுகிற கல்விப் பேரவைக்குப் போகும். பேரவையும் ஒத்துக்கொண்டால்தான் அடுத்த வருடத்திலிருந்து பிள்ளைகளுக்கு அது பாடம். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் இந்தக் கதவு திறக்கும். தவறினால் அப்புறம் மூன்று வருடம் பழைய பாட்டைத்தான் பாட வேண்டும்.

ஒழுங்கு இப்படி. வழக்கம் வேறு மாதிரி. காலையில் கூட்டம் என்றால் அதன் நடவடிக்கைக் குறிப்பை நான் முந்தின நாள் சாயங்காலமே அடித்து வைத்துவிடுவேன். 'விரிவான விவாதத்துக்குப் பின் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று முடியும். வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டு, பிரியாணி சாப்பிட்டு, மதுரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே. எல்லாத் துறையிலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே பத்திரிகை அடிக்கிறோமே, அது மாதிரி என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அம்மா துறைத்தலைவராக வந்த பிறகு வந்த முதல் பாடத்திட்டக் குழு அது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்ததால் கடைசிக் குழுவும் அதுதான். என் மகள் அப்போது அந்தத் துறையில் முதலாண்டு சேர்ந்திருந்தாள். அம்மா திராட்சைக் கவாத்தை, காய் பிடிக்கக் கொடியைக் கழித்து வெட்டுகிற வேலையை, ஒரு பாடமாகக் கொண்டுவர நினைத்தார். எங்கள் பள்ளத்தாக்கில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல் இல்லாத ஊர் குறைவு. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தோட்டக்கார வீட்டிலிருந்து வருகிறவர்கள். பனிமலையில் முளைக்கிற செடியின் குறுக்குவெட்டை வரைந்து பாகம் குறிப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொடியில் எத்தனை மொட்டுக்கண் விட்டு வெட்டினால் காய் பிடிக்கும், அது ஏன் என்று கேட்டால் முழிப்பார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை. தான் போவதற்குள் இது பாடமாக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என் மேசைக்கு வந்தார். கையில் அந்தக் கத்தரி இருந்தது. உறுப்பினர்களுக்குக் காட்டுவதற்காக வாங்கியது. அடித்து வைத்திருந்த குறிப்பை எடுத்துப் படித்தார்.

"பாய், இன்னும் ஒருத்தரும் வாயே திறக்கல. ஏகமனதா ஒத்துக்கிட்டாகன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? குச்சனூர்ல சோசியம் கீசியம் பாக்குறீகளா?"

"வழக்கம் மேடம். எல்லாத் துறைக்கும் இப்படித்தான் அடிக்கிறது."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நீங்க அஞ்சு வேளை தொழுகுற மனுசன். அந்தக் கூட்டத்துல உக்காந்து எழுதுறவுக சாட்சி மாதிரி. நடக்காததுக்கு எப்படிச் சாட்சி எழுதுவீக?"

எனக்குச் சுருக்கென்றது. பொய்ச்சாட்சி பெரும்பாவம் என்று ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். அது கோர்ட்டில் நிற்கிறவர்களுக்குச் சொன்னது என்றல்லவா நினைத்திருந்தேன். அம்மா அந்தத் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து வைத்து அதன்மேல் கத்தரியை வைத்தார். "கூட்டம் முடியிற வரைக்கும் இது இங்கன இருக்கட்டும். பேப்பரும் பறக்காது, நம்ம பேனாவும் பறக்காது" என்றார்.

மறுநாள் வரும் வழியில் வீரபாண்டியில் இறங்கி கௌமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, குங்குமத்தோடு வந்தார். நானும் எனக்குத் தெரிந்த துஆவை ஓதிக்கொண்டு, அந்த வெற்றுத்தாளும் கத்தரியுமாக மூலையில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் வேண்டுதலும் அன்றைக்குப் பலிக்கவில்லை. பேசுங்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டதும் எல்லோரும் நிஜமாகவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் துறையின் மூத்த பேராசிரியர். பூஞ்சைகளைப் பற்றிப் பல வருடம் பாடம் எடுத்தவர். புதுப் பாடம் வந்தால் நீக்கப்படப் போவது அவருடைய பாடம். "கவாத்து வெட்டக் கூலியாள் போதும், பி.எஸ்சி. எதுக்கு? நாளைக்கு இட்லி அவிக்கிறதையும் பேப்பராப் போடுவீகளா?" என்று கேட்டார். வெளியூர் ஆசிரியர் ஒருவர் சிரித்துவிட்டார்.

அம்மா நம்பியிருந்தது, தொழில் தெரிந்தவர் என்று அவரே அழைத்திருந்த தோட்டக்காரரை. கம்பத்துப் பக்கம் பெரிய பந்தல் வைத்திருப்பவர். அவர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், கோவிச்சுக்கிராதீக. கவாத்து அன்னைக்கு ஒரு கை தப்பா வெட்டுனா அந்தப் போகமே போச்சு. உங்க பிள்ளைக பெயிலானா திரும்ப எழுதிக்கிரலாம். என் கொடிக்கு அரியர் கிடையாது."

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஏகமனதாகன்னு போட்ருங்க மேடம். மத்ததை உங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கங்க" என்றார். மூத்த பேராசிரியரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "போட்டுக்கங்க. எப்படியும் எவரும் நடத்தப் போறதில்ல" என்றார். எனக்கு மனம் குளிர்ந்தது. காரியம் முடிந்தது, அல்லாஹ் கண்திறந்தான் என்றே நினைத்து, பழைய வாசகத்தை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"வேணாம் பாய்" என்றார் அம்மா. "சார் சொன்னதை எழுதுங்க. இவரு கொடிக்கு அரியர் இல்லைன்னாரே, அதையும் எழுதுங்க. பாடம் இன்னைக்கு ஒப்புதல் ஆகலைன்னு எழுதுங்க." பிறகு எல்லோரையும் பார்த்து, "பேப்பர்ல வாங்குனா அது பேப்பர்லதான் இருக்கும். எனக்கு வகுப்புல வேணும்" என்றார். அன்றைக்குப் பிரியாணி யாருக்கும் ருசிக்கவில்லை. ஒரு துறைத்தலைவர் தன் தோல்வியைத் தானே சொல்லி எழுத வைத்ததை என் வேலைக்காலத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. தோற்றவர் முகம் மாதிரியும் அது இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிற முகம்.

பேரவை கூடுவதற்குள் இன்னொரு குழுக் கூட்டம் கூட்டலாம் என்று விதி இடம் கொடுத்தது. அந்த இடைவெளியில் அவர் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனார். என் மகளும் இரண்டு தோழிகளும் கூடப் போனார்கள். வெளியூருக்குப் பெண்பிள்ளைகளை அனுப்புகிறோமே என்று நானும் ஒட்டிக்கொண்டேன். வாய்க்கால் ஓரம் ஒரு பழைய பந்தல் இருந்தது. கொடி வயதாகிவிட்டது, பிடுங்கப் போகிறேன் என்றார் அவர். "பிடுங்குறதுக்கு முன்னாடி பிள்ளைக அதுல கை பழகட்டுமே?" என்று அம்மா கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். முதலில் உங்கள் கையைப் பார்க்கிறேன் என்றார். அம்மா அந்தச் சிவப்புக் கத்தரியை எடுத்துப் பந்தலுக்குக் கீழே நின்று வெட்ட ஆரம்பித்தார். இரண்டாவது கொடியிலேயே கட்டைவிரலைக் கீறிக்கொண்டார். ரத்தத்தைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வெட்டினார்.

"மேடம், விட வேண்டிய ரெண்டு கண்ணைச் சேத்து முழுங்கிட்டீக" என்றார் தோட்டக்காரர்.

"எழுதிக்கங்க. அடுத்த வாரம் திரும்ப எழுதுறேன்" என்றார் அம்மா.

தோட்டக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். என் மகள் என்னிடம் குனிந்து, "அத்தா, மேடத்துக்கும் அரியர்" என்றாள். அப்படி அந்தப் பழைய பந்தல் கிடைத்தது.

மூத்த பேராசிரியரிடம் அம்மா போனதுதான் கஷ்டமான பயணம், இரண்டு அறை தள்ளித்தான் என்றாலும். கொடிக்கு வருகிற சாம்பல் நோயும் பூஞ்சைதானே, அந்த அலகை நீங்கள் எழுதிக்கொடுங்கள், நீங்களே நடத்துங்கள் என்று கேட்டார். அவர் எழுதிக் கொடுத்தார். ஆனால் இரண்டாவது கூட்டத்திலும், ஒரு பட்டப்படிப்பில் இதற்கு இவ்வளவு இடம் கூடாது என்பதுதான் தன் கருத்து என்றார். மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அம்மா என் பக்கம் திரும்பி, "சார் சொன்னதை அவர் வாயால சொன்ன மாதிரியே எழுதுங்க" என்றார். எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி என்றார்.

பிறகு பேரவை. ஒவ்வொரு துறையாக வாசிப்பார்கள். ஏகமனது, ஏகமனது என்று ஜெபமாலை உருட்டுகிற மாதிரி போகும். எங்கள் துறை வந்ததும் நின்றது. எதிர்ப்பு பதிவாகியிருக்கிறதே, மூத்தவர் ஒருவரே ஒத்துக்கொள்ளவில்லையே, அடுத்த முறை பார்க்கலாமே என்றார் ஒருவர். பல தலைகள் ஆடின. அடுத்த முறை என்றால் மூன்று வருடம். அம்மா அதற்குள் வீட்டில் இருப்பார். உண்மையை எழுதப் போய் உள்ளதும் போயிற்றே என்று நினைத்தேன். அம்மா எழுந்திருக்கப் போனார். அதற்குள் மூத்த பேராசிரியர் எழுந்துவிட்டார்.

"அது நான்தான். இன்னமும் எனக்கு அதே கருத்துதான்" என்றார். "ஆனா நான் சொன்னது சொன்னபடி அதுல இருக்கு. இத்தனை வருச சர்வீஸ்ல நான் பேசுனது அப்படியே பதிவானது இதுதான் முதல் தடவை. நாளைக்கு இது தோத்தா நான் சொன்னேங்கிறது இருக்கு. ஜெயிச்சா என் வாயை அடைக்கவும் அதுவே இருக்கு. பாடத்துக்கு வழி விடுங்க, போகட்டும்."

பேரவை ஒப்புக்கொண்டது. கேட்ட அளவில் பாதி மதிப்பெண்ணுக்கு வெட்டித்தான் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அம்மா, "கவாத்துன்னா வெட்டத்தானே செய்வாக பாய்" என்றார். அவ்வளவுதான் அவருடைய கொண்டாட்டம். அந்த வருடமே ஓய்வு பெற்றார். பாடம் வகுப்பறைக்கு வந்தபோது அவர் அங்கே இல்லை.

பிள்ளைகள் வெட்டிய முதல் போகம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதிக் கொடி இலையாகவே போனது. தோட்டக்காரர் திட்டினார், ஆனால் பந்தலைப் பிடுங்கவில்லை. என் மகள் அந்தப் பாடத்தை எழுதித் தேறி, கல்யாணமாகி உத்தமபாளையத்தில் இருக்கிறாள். மாமனார் தோட்டத்துக் கவாத்தின்போது எந்தக் கண், ஏன் என்று அவள் கேட்பதும், அவர் பதில் சொல்வதும், சிலசமயம் இவள் திருத்துவதும், சண்டையும் சமாதானமுமாக நடக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

அம்மா போகும்போது கத்தரியை எடுத்துப்போகவில்லை. என் மேசையில்தான் இருக்கிறது. நாளைக்கு மறுபடியும் பாடத்திட்டக் குழு. இப்போதைய துறைத்தலைவர் சின்ன வயது, சுறுசுறுப்பானவர். இன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது, "பாய், மினிட்ஸ் அடிச்சாச்சா? நாளைக்கு எல்லாரும் மூணு மணி பஸ்ஸுக்குப் போகணும்" என்றார். "இன்னும் பேசவே இல்லையே சார்" என்றேன். ஒரு வெற்றுத்தாளை எடுத்து மேசையில் வைத்து அதன்மேல் கத்தரியை வைத்தேன். கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது, எண்ணெய் போட வேண்டும். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் பாய், நாலு மணி பஸ்ஸும் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கல்லூரியில் வேலை பார்க்கிற உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். அம்மா முதல் கூட்டத்திலேயே ஜெயித்தார் என்று அழகுக்காக மாற்றிவிடாதீர்கள். மூத்த பேராசிரியர் மனம் மாறினார் என்றும் சேர்க்காதீர்கள், அவர் மாறவில்லை. முதல் போகம் சரியாகக் காய்க்கவில்லை என்பதை விட்டுவிடாதீர்கள். யார் என்ன சொன்னார்களோ அதை அப்படியே அடுத்தவர் கையில் கொடுங்கள். நானும் சாட்சி என்ற பயத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.