ரீச்சரோடு வாதாடிய பிறேமா

பிறேமா சிறீதரன் தன் நாற்பத்தேழாவது வயதில் மறுபடியும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது, டுசல்டோர்ஃப் தமிழ்ச் சனம் வழக்கம்போலத் தன் கடமையைச் செய்தது. கோயிலில் கண்டவர்கள், "இந்த வயசிலையோ?" என்று கேட்டார்கள். பிறந்தநாள் விழாவில் கண்டவர்கள், "பிள்ளையளைப் படிப்பிக்கிற வயசிலை நீங்கள் படிக்கிறியளோ?" என்று கேட்டார்கள். இப்படிக் கேட்டவர்களில் பாதிப்பேர், ஜெர்மன் மொழியில் கடிதம் வந்தால் பிள்ளை பள்ளியால் வரும்வரை உறையைக்கூடத் திறக்காமல் வைத்திருப்பவர்கள். பிறேமா எல்லாருக்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். தலையாட்டுவதில் அவளை வெல்ல அந்த நகரத்தில் ஆளில்லை.

அவளுக்கு வேலை முதியோர் இல்லத்தில். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் அவள்தான். ஆனால் உதவியாளர் என்ற பெயர்தான். முழுத் தாதியாக வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக அவள் நெஞ்சுக்குள் கிடந்தது. ஒருநாள் இல்லத்தின் பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டு, இலையுதிர் காலத்தில் தொடங்கும் தாதிப் பயிற்சிக்கு அவளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைப்பதாகச் சொன்னார். இங்கே எல்லாரும் அவுஸ்பில்டுங் என்று சொல்கிற அந்தப் பயிற்சிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் எந்தப் பாடத்துக்கும் ஐந்து விழுந்திருக்கக்கூடாது. ஜெர்மனியில் ஒன்று என்றால் கெட்டிக்காரி, ஆறு என்றால் நாசம், ஐந்து நாசத்துக்குப் பக்கத்து வீடு.

யாழ்ப்பாணத்தில் படித்த சான்றிதழ்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. அதற்காக அழுதுகொண்டிருக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. பகலில் வேலை, மாலையில் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம் என்று ஓடினாள். கணக்கு, ஜெர்மன், உயிரியல் எல்லாம் எழுத்துப் பரீட்சை. எழுதச் சொன்னால் பிறேமா எழுதித் தள்ளுவாள். அப்படியே கடைசித் தவணைக்கு வந்து சேர்ந்தாள். அந்தத் தவணையில்தான் சரித்திரப் பாடம் புதிதாகச் சேர்ந்தது, அதைப் படிப்பிக்க பிராண்ட் என்ற ஆசிரியையும் வந்தார். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஜெர்மனிதான் தவணை முழுவதற்குமான பாடம்.

முதல்நாள் பிராண்ட் உள்ளே வந்ததும் பிறேமா எழுந்து நின்றாள். வகுப்பில் வேறு ஒருவரும் எழும்பவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த ரோஜின், தேநீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி அவளை அண்ணாந்து பார்த்தாள். ரோஜின் குர்திஷ் பெண், இருபத்துமூன்று வயது, பேக்கரியில் வேலை. கேட்ட கேள்விக்கும் பதில் சொல்வாள், கேளாத கேள்விக்கும் பதில் சொல்வாள். சொல்வதில் பாதி பிழையாக இருக்கும். அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது.

பிறேமா அப்படி வளர்ந்தவள் அல்ல. ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசுவது அவளைப் பொறுத்தவரை எழும்பிப்போய் அவர் தட்டில் இருந்து சாப்பிடுவதற்குச் சமம். கேட்டால் சொல்லலாம், பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும். பிராண்ட் ஒருவரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. பொதுவாகக் கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார், விரும்பியவர்கள் விரலை உயர்த்துவார்கள். பிறேமா கையைக் கட்டிக்கொண்டு, கண் இமைக்காமல், பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு மாணவி கிடைக்க அந்த ரீச்சர் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது அவளுடைய அபிப்பிராயம்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னர் பிராண்ட் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பிறேமாவின் முறை வந்தபோது, "நீங்கள் வகுப்பில் மிகவும் அமைதியாக இருக்கிறீர்கள்" என்றார். பிறேமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நன்றி" என்றாள். பிராண்ட் சற்றுத் திகைத்து, "உண்மையிலேயே மிக அமைதி" என்று அழுத்திச் சொன்னார். பிறேமா இன்னும் பெரிதாக ஒரு நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். விடுமுறை முடிந்த முதல் வகுப்புக்கு மீன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய் எல்லாருக்கும் பரிமாறினாள். பிராண்ட் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார், செய்முறையும் கேட்டார். அன்றைக்குத்தான் அரைத் தவணைப் புள்ளிகளும் சொல்லப்பட்டன. பிறேமாவுக்குச் சரித்திரத்தில் ஐந்து.

அவளுக்குக் காது அடைத்தது. வகுப்பு முடிந்ததும் ரீச்சரின் மேசைக்குப் போய் நின்றாள். பிராண்ட் தானாகவே விளக்கினார். இந்தப் பாடத்துக்கு எழுத்துப் பரீட்சை கிடையாது. வகுப்பில் பேசுவதற்குத்தான் புள்ளி. "நீங்கள் பேசினால்தானே உங்களுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும்? இதைத்தான் அன்றைக்கும் சொன்னேன், நீங்கள் நன்றி சொன்னீர்கள்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பிறேமாவுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

கணவர் சிறீதரன் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார், பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

"வீட்டிலை எனக்குக் கதைக்க இடம் தாறேல்லை. அங்கை மட்டும் என்ன பூனை மாதிரி இருக்கிறீர்?"

"இஞ்சரப்பா, அது ரீச்சர். நீங்கள் ரீச்சரோ?"

"ரீச்சரும் மனிசிதானே. ஏதாவது ஒண்டைச் சொல்லுமன். பிழையெண்டால் என்ன, அடிக்கவே போறா?"

"எனக்கு ஏலாது. கை எழும்புதில்லை."

உண்மையிலேயே எழும்பவில்லை. அடுத்த வகுப்புகளில் அவள் முயற்சி செய்யாமல் இல்லை. பதில் மனதில் வந்துவிடும். அதை நல்ல ஜெர்மனில் கோத்து, வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைத்துச் சரிபார்ப்பதற்குள் ரோஜின் எதையோ உளறி, பிராண்ட் அதைத் திருத்தி, வகுப்பு சரித்திரத்தின் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். பாதி எழும்பிய கை தலைமயிரை ஒதுக்கிவிட்டுக் கீழே வரும். பணவீக்கம் போயிற்று, தேர்தல்கள் போயின, வேலையில்லாத் திண்டாட்டமும் போயிற்று. எல்லாவற்றுக்கும் பிறேமாவிடம் பதில் இருந்தது, எல்லாம் அவளோடேயே வீட்டுக்குத் திரும்பின. தாதிப் பயிற்சியின் இடம் மெல்ல மெல்லக் கைநழுவிப் போவது அவளுக்குத் தெரிந்தது. வேலையில் பொறுப்பாளரைக் கண்டால் வேறு பக்கத்தால் நடக்கத் தொடங்கினாள்.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை, பிராண்ட் சுவரில் ஒரு பழைய புகைப்படத்தை ஒளி பாய்ச்சிக் காட்டினார். போர்களுக்கு இடைப்பட்ட காலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் வகுப்பறை. வரிசை வரிசையாகப் பெண்பிள்ளைகள், பின்னிய தலைமயிர், மேசையில் மடித்து வைத்த கைகள், முன்னால் கறுப்பு உடையில் ஓர் ஆசிரியை. "என்ன தெரிகிறது?" என்று பிராண்ட் கேட்டார்.

பயம் என்றார்கள். அடக்குமுறை என்றார்கள். ரோஜின், "பொம்மைகள்" என்றாள். பிராண்ட் தலையசைத்தார்.

"ஆம். இவர்கள் சிந்திக்காமல் இருக்கப் பழக்கப்பட்டவர்கள். இந்தக் கைகளைப் பாருங்கள். இந்தத் தலைகளுக்குள் சொந்தமாக ஒன்றுமே இல்லை."

பிறேமாவுக்கு எங்கிருந்தோ சுரீர் என்று கோபம் வந்தது. அந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். அப்படிக் கைகளை மடித்து வைத்துக்கொண்டு பதினொரு வருடம் இருந்தவள் அவள். அந்தத் தலைக்குள் ஒன்றும் இல்லை என்று சொல்ல இவர் யார்? விரலை உயர்த்த வேண்டும் என்பதை மறந்துபோனாள். நேராக எழுந்து நின்றுவிட்டாள்.

"இல்லை" என்றாள்.

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பிராண்டும் பார்த்தார். சொல் வெளியே வந்துவிட்டது, இனித் திரும்பப் பிடிக்க முடியாது.

"நீங்கள் சொல்வது பிழை. நானும் இப்படித்தான் இருந்தேன். எங்கள் தலைக்குள் நிறைய இருந்தது. எந்த ரீச்சர் நீதியாக நடக்கிறார், எவர் ஆள் பார்த்துப் புள்ளி போடுகிறார், எவர் தனக்கே விளங்காததைப் படிப்பிக்கிறார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தோம். மூன்றாவது வரிசையில் அந்தப் பிள்ளையின் வாயைப் பாருங்கள், சிரிப்பை அடக்குகிறாள். சிந்திக்காத பிள்ளைக்கு ஏன் சிரிப்பு வருகிறது?"

எல்லாரும் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்கள். ரோஜின், "ஓ, அவள் சிரிக்கிறாள்!" என்று கத்தினாள்.

பிராண்ட் விட்டுக்கொடுக்கிற ஆள் அல்ல. மேசை விளிம்பில் சாய்ந்து கொண்டு கேட்டார்: "சரி, சிந்தித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சில வருடங்களில் இந்த நாட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அயல் வீட்டு யூதர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். அப்போது இந்தப் பிள்ளைகள் வளர்ந்த பெண்கள். அவர்கள் சிந்தித்தது அங்கே யாருக்கு உதவியது?"

 பிறேமாவுக்கு இந்தக் கேள்வி நெஞ்சில் இடித்தது. கதிரையில் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் கால் கேட்டது. அவள் இருக்கவில்லை. வினைச்சொல் எங்கே வரவேண்டும் என்றும் யோசிக்கவில்லை.

"ஒருவருக்கும் உதவவில்லை. அது உண்மை. ஆனால் அவர்கள் சிந்திக்கவில்லை என்று சொன்னால், அவர்கள் மேல் குற்றம் இல்லை என்று ஆகிவிடும். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. அது பெரிய பிழை, ரீச்சர். எனக்கு அது நன்றாகத் தெரியும். பெப்ரவரியிலிருந்து உங்கள் வகுப்பில் நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்."

முதலில் ரோஜின்தான் மேசையில் விரல் முட்டியால் தட்டத் தொடங்கினாள். இந்த நாட்டு மாணவர்களின் கைதட்டல் அதுதான். பிறகு முழு வகுப்பும் தட்டியது. பிராண்ட் புகைப்படத்தை மறுபடியும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், "இதை நான் யோசிக்க வேண்டும்" என்று சொன்னார். பிறேமா அப்போதுதான் தன் கதிரையில் உட்கார்ந்தாள். முகம் சிரித்தது, அதை அவளால் நிறுத்த முடியவில்லை.

அதற்குப் பிறகு பிராண்டுக்கு நிம்மதி போயிற்று. மடை திறந்த வெள்ளம் என்பார்களே, அதுதான். பிறேமா ஒவ்வொரு வகுப்பிலும் விரலை உயர்த்தினாள், சிலவேளை எழுந்தும் நின்றாள். இலக்கணம் உதிர உதிரப் பேசினாள். செய்தித்தாள்களைப் பற்றிப் பேசும்போது வானொலியைப் பற்றிக் கேட்டாள், வாக்களித்த பெண்களைப் பற்றிப் பேசும்போது வாக்களிக்காத பெண்களைப் பற்றிக் கேட்டாள். ஒருநாள் ரோஜினே, "கொஞ்சம் எனக்கும் இடம் விடுங்கள்" என்று முறைப்பட்டாள்.

தவணையின் கடைசி வாரம் பிராண்ட் மறுபடியும் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டார். ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. புள்ளியைச் சொல்லும் முன்னர், உங்களுக்கு நீங்களே என்ன புள்ளி போடுவீர்கள் என்று மாணவரிடமே கேட்பார்கள். நம்மவர்களை மாட்டுவதற்கு இதைவிட நல்ல பொறி கிடையாது. தன் வாயால் தன்னை மெச்சக்கூடாது என்று பழகிய சனம், தலையைக் குனிந்து கொண்டு, "நாலு தந்தால் போதும்" என்று சொல்லி நாலோடு வீட்டுக்கு வரும்.

"உங்களுக்கு என்ன புள்ளி போடுவீர்கள்?" என்று பிராண்ட் கேட்டார்.

பழைய தலையாட்டல் பிறேமாவின் கழுத்து வரை வந்தது. அவள் அதை அங்கேயே பிடித்து நிறுத்தினாள்.

"இரண்டு" என்றாள்.

பிராண்ட் புருவத்தை உயர்த்தினார். "நான் மூன்று எழுதியிருக்கிறேன். முதல் பாதியில் உங்களுக்கு ஐந்து. மூன்று என்பதே பெரிய பாய்ச்சல்."

மூன்று தாராளமாகக் காணும். சான்றிதழில் ஐந்து இல்லை, பயிற்சி இடம் அவளுக்குத்தான். நன்றி சொல்லிவிட்டு எழும்பினால் எல்லாம் சுபம்.

"இல்லை" என்றாள் பிறேமா. "முதல் பாதியில் எனக்குத் தெரியாமல் இருந்ததால் ஐந்து வரவில்லை. சொல்லாததால் வந்தது. சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து பாருங்கள். ரோஜினுக்கு என்ன போட்டீர்கள்?"

"அதைச் சொல்ல முடியாது."

"சொல்ல வேண்டாம். அவள் என்னிடம் சொன்னாள். இரண்டு. அவளைவிட நான் குறைவாகவா பேசினேன்? குறைவாகவா விளங்கிப் பேசினேன்?"

பிராண்ட் முன்னால் இருந்த புள்ளித்தாளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பேனையை எடுத்து மூன்றை வெட்டி, பக்கத்தில் இரண்டு என்று எழுதி, அவள் பார்க்கும்படி தாளைத் திருப்பிக் காட்டினார்.

வீட்டில் சிறீதரனுக்குச் சந்தோஷம் ஒருபக்கம், நடுக்கம் ஒருபக்கம். "மூண்டு காணுமே! இடம் கிடைச்சிட்டுதெல்லே. பிறகேன் ரீச்சரோடை வாதாடினனீர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பிறேமா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனெண்டாலப்பா, அது ரெண்டு."