அக்காவின் பாலில் தண்ணீர்

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பஸ் போர்டை இரண்டு தடவை வாசித்துவிட்டு, கண்டக்டரிடமும் கேட்டுத்தான் ஏறுவேன். ஆனால் நானே எழுதிய புரோகிராமைச் சந்தேகிக்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில் என் அக்கா பால் வெட்டுகிறாள். கொழும்பில் வேலை பார்க்கும் நான், அந்தத் தோட்டத்துப் பால் ஸ்டோருக்கு ஒரு புரோகிராம் செய்து கொடுத்தேன். வாளியைத் தராசில் வைத்தால் எடை தானாகப் பதியும். பக்கத்து மேசையில் அதே பாலின் அடர்த்தியை அளப்பார்கள், அதுவும் தானாகப் பதியும். புரோகிராமுக்குள் எடைக்கு ஒரு த்ரெட், அடர்த்திக்கு ஒரு த்ரெட் என்று இரண்டு தனி ஓட்டங்கள். ஒரே நேரத்தில் ஓடும் இந்த இரண்டும் ஒரே ஆளின் பதிவில் எழுத வேண்டும். முட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு லொக் போட்டிருந்தேன். ஒன்று எழுதும்போது மற்றது வெளியே நிற்கும்.

ஒரே மாதத்தில் மூன்று தடவை அக்காவின் பெயருக்கு நேரே மெல்லிய பால் என்று வந்தது. அவள் வெட்டுவது நல்ல மரங்கள். அதில் மெல்லிய பால் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

ஸ்டோர்க் கணக்கப்பிள்ளை அக்காவிடம், மெஷின் பொய் சொல்லாது என்று சிங்களத்தில் ஆரம்பித்தார். "மெஷின் பொரு கியன்னே நே, தங்கச்சி. இன்னொரு தடவ வந்தா மரத்த எடுத்துட்டு புல்லு வெட்டப் போட்டுருவோம்."

நான் லீவு போட்டு வந்தேன். முதலில் கணக்கப்பிள்ளையைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் முழுக்க அவர் கையையே பார்த்தேன். பிறகு வரிசையில் அக்காவுக்கு முன்னால் நிற்கும் பெண்ணை. ஒன்றும் அகப்படவில்லை. அன்று சாயந்தரம் அக்காவிடமே கேட்டேன்.

"அக்கா, நெசத்தச் சொல்லு. கொஞ்சமாச்சும் தண்ணி ஊத்துனியா?"

அவள் வாளியைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் ஸ்டோரில் திரையைப் பார்த்தபடி நின்றேன். வேலை முடியும்வரை குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைமடுவத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டுமென்ற அவசரத்தில், முன்னால் போனவரின் அடர்த்தி பதியும் முன்பே அடுத்தவர் வாளியைத் தராசில் வைத்துவிடுகிறார். கொழும்பில் நான் ஒவ்வொரு வாளியாக, ஆற அமரச் சோதித்தவன். இங்கே அக்காவின் எடை விழுந்ததும் அவள் பதிவு திறந்துகொண்டது. முன்னால் நின்ற பெண்ணின் அடர்த்தி அதற்குள் போய் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு ஓடைக்கரையில் கிழட்டு மரங்கள், பால் எப்போதும் மெல்லிசு. என் லொக் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும்தான் உள்ளே விட்டது. வந்தவருடைய முறைதானா என்று அது கேட்கவே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். பதிவு காலியாக இருந்தால் மட்டும் எடை நுழையலாம். எடை வந்திருந்தால் மட்டும் அடர்த்தி நுழையலாம். இரண்டும் முடியும்வரை அடுத்த வாளியைத் தராசு ஏற்காது. பிழை என்னுடையது என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். அக்காவின் பெயரிலிருந்த மூன்று குறிப்பையும் அவர் அடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"கணக்கப்பிள்ளைக்கு அந்த மெஷினப் பத்தி என்ன தெரியும்? அவரு நம்புனாரு, சரி. நீதான அத செஞ்ச," என்றாள். "அதுல தப்பிருக்கான்னு பாக்க முந்தி என்னயதான தம்பி கேட்ட."