களத்துச் சாப்பாடு

என் மூத்தவளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் வாவிக்கு அக்கரையில். தோணியில் போய்த் தோணியில் வர வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வாழையிலையில் சோறு கட்டிக் கொடுப்பேன். பின்னேரம் அந்தப் பொதி அப்படியே திரும்பி வரும். மீனில் முள்ளாம். பூசணிக்காய் கொழகொழ என்றிருக்கிறதாம். பிட்டு தொண்டையில் அடைக்கிறதாம். விராலுக்கு முள்ளெடுத்தேன், பிட்டுக்குத் தேங்காய்ப்பால் விட்டேன். கோபத்தில் முதுகில் இரண்டு வைத்தும் பார்த்தேன். அழுதாளே தவிர, தின்னவில்லை.

ஒருநாள் வகுப்பில் மயங்கி விழுந்தாள். அது போதாதா என் மச்சாளுக்கு? அவ என் புருஷனின் அக்கா, அடுத்த வளவில் இருப்பவ. தினமும் பின்னேரம் என் வீட்டுக்கு வந்து பொதியைப் பிரித்து, எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதுதான் அவவுக்கு வேலை. பெட்டைப் பிள்ளைக்கு அக்கரையில் என்ன படிப்பு என்று தம்பியின் காதில் ஓதிவிட்டா. அறுவடை முடியும் வரைக்கும் பார்ப்போம், பிறகும் தின்னாவிட்டால் படிப்பை மறித்துவிடுவோம் என்று அவரும் சொல்லிவிட்டார். என்னை இரண்டாம் வகுப்போடு மறித்தார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என் பிள்ளைக்கும் அதுவா?

அறுத்த கதிரைக் களத்தில் போட்டு, நெல் உதிரச் சூடு மிதிக்கும் காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை வேலையாட்களுக்குச் சோறு கொண்டு வயல் வட்டைக்குப் போனபோது அவளையும் கூட்டிப் போனேன். களத்தில் 'இல்லை', 'போதும்', 'வேண்டாம்' என்று யாரும் வாய் திறக்கப்படாது. திறந்தால் நெற்குவியல் குறைந்துபோகும். களத்தோரத்து மரத்தடியில் பரிமாறும் எங்களுக்கும் அதே சட்டம்தான். மிதிகாரர் ஒருவர் இதைச் சொன்னதும் என் மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் முன் தாமரை இலையை விரித்து, சோறும் பூசணிக்காயும் கருவாடும் வைத்தேன். முகம் புளித்தது. வாய் திறந்தது. நெற்குவியலைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். பிறகு தின்றாள்! இன்னும் ஒரு பிடி வைத்தேன். போதும் என்று சொல்ல வழியில்லாமல் அதையும் தின்றாள். அடி கள்ளி, அகப்பட்டாய் என்று மனதுக்குள் சிரித்தேன்.

திங்கட்கிழமை தாமரை இலையில் சோறு வைத்து, எங்கள் களத்து வைக்கோலால் கட்டினேன்.

"இது நம்மட களத்துச் சோறு, மகள். எங்க வெச்சு இலையை விரிச்சாலும் அது களந்தான்" என்றேன். கண்ணை உருட்டிக் கேட்டுக்கொண்டு போனாள்.

பின்னேரம் மச்சாள் வந்தா. இலையைப் பிரித்தா, உதறியும் பார்த்தா. ஒரு பருக்கை கிடையாது. வாவியில் மீனுக்குக் கொட்டியிருப்பாள் என்றா. அவவின் மகனும் அதே தோணியில்தான் போய்வருகிறவன். அவன் வாசலில் நின்று, "போங்கம்மா, அவள் என்ட சோத்திலயும் பாதியைத் திண்டிட்டாள்" என்றான்.

என் புருஷனைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்க்காமல், நாளைக்குப் பிள்ளையைத் தோணிக்கு நேரத்தோடு எழுப்பு என்றார். குதிக்கவேண்டும் போலிருந்தது எனக்கு. குதிக்கவில்லை. மச்சாளை உட்காரச் சொல்லி, அவவுக்கும் ஒரு தாமரை இலை விரித்துச் சோறு போட்டேன். அவ வாய் திறக்கும்போதே என் மகள் பாய்ந்து போய், "மாமி, சொல்லப்படாது!" என்று அவவின் வாயைப் பொத்தினாள். நான் இன்னும் ஒரு அகப்பை போட்டேன்.